ஒரு பிரச்னையும் இல்ல மேடம்

முதல்லயே சொல்லிடுறேன், இதை நான் கையால எழுதல. போன்ல பேசுறேன், அது எழுதிக்குது. தமிழ்ல எழுதச் சொன்னா எழுதிடுவேன், கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோதான். இங்கிலீஷ்தான் எனக்கு ஆகாது. காதுல கேட்டா பாதிக்கு மேல புரியும், ஃபேக்டரியில பாதிப் பேச்சு இங்கிலீஷ்தானே. எழுத்தாப் பார்த்தாத்தான் வம்பு. பெரிய வார்த்தைகூடப் பரவால்ல. production-னு நீளமா இருந்தா அதோட உருவத்தை வச்சே பிடிச்சுடுவேன். இந்த ரெண்டெழுத்து, மூணெழுத்து வார்த்தைங்க இருக்குதே, on, no, was, saw, who, how, அதுங்கதான் என் உசுரை வாங்கும். பார்த்துக்கினே இருக்கும்போது முன்னாடி நின்ன எழுத்து பின்னாடி போய் நின்னுக்கும்.

நான் பள்ளிகொண்டாவுலேருந்து தினமும் கம்பெனி பஸ்ல ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரிக்குப் போறவ. தையல் செக்‌ஷன். ஷூவோட மேல்பாகத் தோலைத் தைக்கிறது என் வேலை. என் கண்ணு மேல எனக்கு ஒரு திமிரே உண்டு. ஒரு தையல் தாண்டியிருந்தாலும், நூல் ஒரு இழை பிசிறியிருந்தாலும் எட்ட இருந்தே சொல்லிடுவேன். அந்தக் கண்ணுதான் சுவத்துல ஒட்டுன நோட்டீஸ்ல from-னு போட்டிருக்கா form-னு போட்டிருக்கான்னு தெரியாம பேந்தப் பேந்த முழிக்கும். இந்தக் கொடுமையை யார்கிட்டப் போய்ச் சொல்றது? யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அவரும் அதே ஃபேக்டரிதான், பேக்கிங்ல இருக்கார்.

மறைக்கிறதுக்குன்னே தனியா ஒரு தொழில் கத்து வச்சிருந்தேன். எங்க செக்‌ஷன்ல சரியா வந்த சரக்குக்குப் பச்சை சீட்டு, பிரிச்சுத் தைக்க வேண்டியதுக்குச் சிவப்பு, அப்புறம் பார்த்துக்கலாம்னு நிறுத்தி வைக்கிறதுக்கு மஞ்சள். சீட்டுல எழுதியிருக்கிறதை நான் பார்க்கவே மாட்டேன், கலரைப் பார்ப்பேன். லீவு ஃபாரம் குடுத்தா, "கண்ணாடி எடுத்தாரல அக்கா, கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்"னு பக்கத்து மெஷின் அக்காகிட்ட நீட்டிடுவேன். யாராவது எந்தக் கண்ணாடின்னு கேட்டா காட்டணுமேன்னு நெஜமாவே ஒரு கண்ணாடி வாங்கி வீட்டுல வச்சிருந்தேன். போட்டா தலை சுத்தும். மறந்துட்டு வர்றதுக்குன்னே கண்ணாடி வாங்குனவ இந்த ஜில்லாவுல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

சூப்பர்வைசர் வேலை என்னைத் தேடி வந்துச்சு. எங்க லைனுக்கு என்னைத்தான் போடணும்னு மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னார். ஆனா சூப்பர்வைசர்னா மணிக்கு ஒரு தரம் போர்டுல எழுதணும். எவ்ளோ ஆச்சு, எது நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு எல்லாம் இங்கிலீஷ்ல, அதுவும் லைன்ல இருக்கிற அத்தனை பேரு கண்ணு முன்னாடி. "வேணாம் சார், வீட்டுல வேலை ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னிக்கு என் வீட்டுக்காரர் ஆடுன ஆட்டம் இருக்குதே! "வீட்டுல இன்னா வேலை ஜாஸ்தி? நான் பாத்திரம் தேய்க்கல? துணி துவைக்கல? ஊர்ல அவனவன் தவம் கெடக்கிறான், உனக்கு வாசல்ல வந்து நிக்குது, கொழுப்புதானே!" கடைசியில அந்த வேலைக்கு வந்தது, என்கிட்ட தைக்கக் கத்துக்கின பொண்ணு. நல்ல பொண்ணுதான். ஆனாலும் அவ போர்டுல எழுதறதைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும், பொய் சொல்ல மாட்டேன்.

இவ்ளோ கதை எதுக்குன்னா, என் மகளுக்காக. எங்களுக்கு ஒரே பொண்ணு. அப்போ அஞ்சாவது படிச்சுக்கினு இருந்தா. ஊர்ல அவ போற ஸ்கூல் அஞ்சாவதோட முடிஞ்சுடும். ஆறாவதுக்கு வேலூர் போற வழியில ஒரு பெரிய ஸ்கூல். எங்க தெருவுல எல்லாருக்கும் அந்த ஸ்கூல் மேல ஒரு கண்ணு. புள்ளைக்கு ஒரு டெஸ்ட் வைப்பாங்க, அப்புறம் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவாங்க, அதுல தேறுனாத்தான் சீட்டு. என் வீட்டுக்காரருக்கு அந்த ஸ்கூல் யூனிஃபார்ம் மேலயே ஆசை. எனக்கு வேற கவலை. கொஞ்ச நாளாவே ஒரு சந்தேகம் என் நெஞ்சுல உக்காந்துக்கினு எழுந்திருக்க மாட்டேன்னுது.

ஒரு சாயங்காலம் கீரை ஆஞ்சுக்கினு இருந்தேன். பாப்பா எதிர்ல உக்காந்து இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாப் படிச்சா. ஒரு ஆளு பஸ்ஸுல இருந்தான்னு வருது பாடத்துல. The man was on the bus. இவ, "த மேன் சா நோ த பஸ்"னு படிச்சா. படிச்சுட்டு நிறுத்தினா. ஏதோ சரியில்லன்னு அவளுக்கே தெரியுது. திரும்பப் படிச்சா, திரும்பவும் அதேதான். அப்போ தலையைத் தூக்கி, நான் கவனிச்சேனான்னு ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வையை எனக்கு நல்லாத் தெரியும். ஸ்கூல் நாள்லேருந்து நான் எல்லாரையும் அப்படித்தான் பார்த்துக்கினு வர்றேன்.

"எங்க, குடு"ன்னு புத்தகத்தை வாங்கி விரலை வச்சுப் பார்த்தேன். எனக்கும் முதல்ல saw-ன்னுதான் தெரிஞ்சுது.

எங்க காலத்துல இதுக்குப் பேரு சோம்பேறித்தனம். பெஞ்சு மேல நிக்க வச்சாங்க, நின்னேன். பன்னெண்டாவதுல இங்கிலீஷ் போச்சு, மத்ததெல்லாம் பாஸு. திரும்ப எழுதுடின்னு வீட்டுல சொன்னதுக்கு, வேணாம்னு ஃபேக்டரி பஸ் ஏறிட்டேன். நான் போனது போச்சு. என் புள்ளையும் கண்ணாடி மறந்துட்டேன்னு சொல்லிக்கினு ஆயுசு பூரா ஒளிஞ்சு திரியணுமா?

அதனால நானே வாத்தியாரா ஆனேன். எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். s-ன்னா பாம்பு. பாம்பு முன்னாடி வந்தா நீ பார்த்துட்டே, அது saw. பாம்பு வாலு பக்கம் போயிடுச்சுன்னா, இருந்துச்சு, இப்ப இல்ல, அது was. o-ன்னா வளையல். முதல்ல வளையலைப் போட்டா on. வளையல் கடைசியில வந்தா, லேட்டு, உனக்கு வேணாம், no. w ரெண்டு கையையும் தூக்கிக்கினு நிக்கிற ஆளு. தூரத்துல ஒருத்தன் கையைத் தூக்குனா யாருன்னு கேப்போம், அதான் who. h நாற்காலி. வீட்டுக்கு வந்தவங்களை உக்கார வச்சு எப்படி இருக்கீங்கன்னு கேப்போம் இல்ல, அதான் how. பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "அம்மா, உனக்கு யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டா. "எங்க மிஸ்ஸு"ன்னேன். மிஸ்ஸாவது கிஸ்ஸாவது. நான் மெஷின் முன்னாடி உக்காந்து வருசக் கணக்கா யோசிச்சு வச்சது அதெல்லாம்.

ஒத்தை வார்த்தையாக் கேட்டா பட்டு பட்டுன்னு சொன்னா. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். ஆனா வரிசையாப் படிக்கச் சொன்னா, ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னு பாம்பு எங்க, வளையல் எங்கன்னு தேடினா. தேடித் தேடி வரியோட கடைசிக்கு வர்றதுக்குள்ள, ஆரம்பத்துல இன்னா இருந்துச்சுன்னு மறந்து போச்சு. ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள முகமெல்லாம் வேர்த்துடுச்சு புள்ளைக்கு. "போதும்மா"ன்னா. "இன்னும் ஒரே ஒரு தரம்"னேன் நான். பாவி, எத்தனை ஒரு தரம் அப்படிச் சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

ஊர் ஸ்கூல் மிஸ் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. சின்ன வயசுப் பொண்ணு, நல்லாப் பேசும். பாப்பாவோட பரீட்சை பேப்பரைக் காட்டி, "இவ சோம்பேறி இல்லைங்க, நல்லா யோசிக்கிறா. ஆனா எழுத்து திரும்பித் திரும்பி வருது. சில புள்ளைங்களுக்கு இப்படி இருக்கும். வேலூர் ஆஸ்பத்திரியில காட்டிப் பார்த்தா எப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு சொல்லுவாங்க. வீட்டுல படிக்கும்போதும் இப்படி வருதா?"ன்னு கேட்டாங்க.

"சேச்சே, வீட்டுல நல்லாப் படிக்கிறா மிஸ். ஒரு பிரச்னையும் இல்ல"ன்னேன்.

வாய் தானா சொல்லிடுச்சு. மிஸ் இன்னும் ஏதோ கேக்க வந்தாங்க, அதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். கேட்டைத் தாண்டி வந்து என் தலையில நானே அடிச்சுக்கினேன். ஏண்டி, இதைவிட நல்ல விதமா ஒருத்தர் கேப்பாங்களா? சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?

என் வாய்க்கு ஏன் இப்படி ஒரு பழக்கம்னு ஷூ ஃபேக்டரியில வேலை செய்யறவங்களுக்குச் சொல்லவே வேணாம். மத்தவங்களுக்குச் சொல்றேன். வெளிநாட்டுலேருந்து எங்க ஷூவை வாங்குறவங்க, ஃபேக்டரி ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க அப்பப்போ ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவாங்க. அவங்க லைன்ல நடந்து வந்து, நீ வா, நீ வான்னு கை காட்டி நாலு பேரைத் தனி ரூமுக்குக் கூட்டிக்கினு போய்க் கேள்வி கேப்பாங்க. அதனால முந்தின வாரமே எச்ஆர் சார் எல்லாரையும் கேன்டீன்ல உக்கார வச்சு ஒத்திகை பார்ப்பார். தண்ணி வருதா? வருது சார். பாத்ரூம் போக விடுறாங்களா? விடுறாங்க சார். சூப்பர்வைசர் திட்டுறாங்களா? இல்ல சார். வேற எதனா பிரச்னை இருக்கா? நாங்க எல்லாரும் கோரஸா, "ஒரு பிரச்னையும் இல்ல சார்!" சொல்றதுல முக்காவாசி உண்மைதான், நான் கம்பெனியைக் குத்தம் சொல்ல வரல. ஆனா உண்மையா இல்லையான்னு மனசு யோசிக்கிறதுக்குள்ள வாய் சொல்லி முடிச்சுடும். பிரச்னை இருக்குதுன்னு தப்பித் தவறி ஒருத்தி சொன்னா, அப்புறம் அது யாரு, எப்போ, எங்கன்னு நாள் பூரா பேஜார். அந்த பயம் எலும்புக்குள்ள போயிடுச்சு.

என் வீட்டுக்காரர் ஒரு தரம் இடுப்பு வலி தாங்காம டாக்டர்கிட்டப் போனார். டாக்டர், "சொல்லுங்க, இன்னா பிரச்னை?"ன்னு கேட்டிருக்கார். இவர் எழுந்து நின்னு, "நோ ப்ராப்ளம் சார்"னு சொல்லியிருக்கார். "அப்புறம் எதுக்குய்யா வந்தே?"ன்னு டாக்டர் கேட்டாராம். அதை ஜோக்கா எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பார். நானும் வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன்.

ஸ்கூல்லேருந்து டெஸ்டுக்கு வரச் சொல்லி போன்ல மெசேஜ் வந்ததும் அவர் எச்ஆர் சாரா மாறிட்டார். தினமும் வேலை விட்டு வந்ததும் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்துக்குவார், அவர்தான் பிரின்சிபால். நானும் பாப்பாவும் கதவைத் தட்டிட்டு உள்ள வரணும். "மே ஐ கம் இன்" சொல்லணும். அவரே எழுந்து வந்து, அப்பா எப்படிப் பேசுவார்னு நடிச்சும் காட்டுவார். "குட் மார்னிங் மேடம், வீ ஆர் கமிங் ஃப்ரம் பள்ளிகொண்டா." அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவார். கடைசிக் கேள்வி எப்பவும் ஒண்ணுதான். குரலை மெலிசாக்கிக்கினு பாப்பாவைக் கேப்பார்: "எனி டிஃபிகல்ட்டி?"

பாப்பா கையைப் பின்னாடி கட்டிக்கினு சொல்லும்: "நோ ப்ராப்ளம் மேடம்."

"சத்தமா!"

"நோ ப்ராப்ளம் மேடம்!"

"அது! என் பொண்ணுடா!"ன்னு அவர் கை தட்டுவார். அவர் பாவம், அவருக்கு இன்னா தெரியும்? நான் அடுப்படியில நின்னுக்கினு கேட்டுக்கினே இருப்பேன். இப்ப சொல்லலாம்னு நெனைப்பேன். சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பார். அங்க போய் நின்னுடும் என் தைரியம். டெஸ்ட் முடியட்டும், சீட்டு கிடைக்கட்டும், உள்ள போனப்புறம் பார்த்துக்கலாம்னு மனசைத் தேத்திக்குவேன். உள்ள போனா மட்டும் இன்னா ஆகும்? இங்க ஒளிஞ்சவ அங்க ஒளிவா, இன்னும் பெரிய ஸ்கூல்ல, இன்னும் பெரிய பெரிய புத்தகத்தோட. அதுவும் தெரியும் எனக்கு. தெரிஞ்சும் வாயை மூடிக்கினு இருந்தேன்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கல. பஸ்ல மத்த பொண்ணுங்க தூங்கிக்கினு வரும், நான் ஜன்னல் வழியா ரோட்டுல வர்ற போர்டையெல்லாம் படிச்சுப் பார்த்துக்கினு போவேன், என்னமோ நான் டெஸ்ட் எழுதப் போற மாதிரி. என் மெஷின்லேருந்து போன சரக்கு சிவப்புச் சீட்டோட திரும்பி வந்துச்சு. நான் சொன்னேனே, தைக்கக் கத்துக்கின பொண்ணு, சூப்பர்வைசர், அதான் கொண்டாந்து வச்சுது. "அக்கா, உடம்பு சரியில்லியா?"ன்னு மெதுவாக் கேட்டுச்சு. "ஒண்ணும் இல்லியே"ன்னேன். வேற இன்னா சொல்லப் போறேன்!

சனிக்கிழமை காலையில போனோம். என் வீட்டுக்காரர் பேன்ட்டுக்குள்ள சட்டையை விட்டு, தலைக்கு எண்ணெய் வச்சு வழிச்சு சீவிக்கினு வந்தார். கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி வரல மனுசன். வராந்தாவுல எங்கள மாதிரி நெறைய பேரு. யாரும் யாரோடயும் பேசல, அவங்கவங்க புள்ளைக்குத் தலையைக் கோதி விட்டுக்கினு இருந்தாங்க. ஒரு மிஸ் வந்து பாப்பாவைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கினு போனாங்க. போகும்போது அவ என்னைத் திரும்பிப் பார்த்து, ஒத்தை விரலை காத்துல வளைச்சு வளைச்சு இழுத்துக் காட்டினா. பாம்பு. ஞாபகம் இருக்குதும்மான்னு சொல்றா. நான் சிரிச்சுத் தலையாட்டினேன். அவ அந்தப் பக்கம் போனதும் முந்தானையால மூஞ்சியை மூடிக்கினேன். "ஏம்மா, இன்னா ஆச்சு?"ன்னார் அவர். "தூசி"ன்னேன்.

எங்களைக் கூப்பிடறதுக்குள்ள எனக்கு வேர்த்து ரவிக்கை முதுகோட ஒட்டிப் போச்சு. உள்ள போனா, பாப்பா ஏற்கெனவே மேசை பக்கத்துல நிக்கிறா. பிரின்சிபால் மேடம் நடு வயசு, காட்டன் புடவை. என் வீட்டுக்காரர் விறைப்பா நின்னு, "குட் மார்னிங் மேடம், வீ ஆர் கமிங் ஃப்ரம் பள்ளிகொண்டா"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சார்.

"பள்ளிகொண்டாவா? கோயில் பக்கமா? வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க முதல்ல"ன்னாங்க மேடம், சுத்தமா நம்ம பேச்சுல. பாவம், அவருக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. இவ்ளோ நாள் ஒத்திகை பார்த்தது எல்லாம் தொண்டையிலயே நின்னுச்சு. எனக்கு பயம் ஜாஸ்திதான் ஆச்சு. இங்கிலீஷ்ல கேட்டா, புரியலன்னு தப்பிச்சுக்கலாம். தமிழ்ல கேட்டா எங்க ஓடறது?

மேடம் பாப்பாவோட பேப்பரையும், டெஸ்டுக்குப் படிக்கக் குடுத்த இங்கிலீஷ் புத்தகத்தையும் மேசை மேல எடுத்து வச்சாங்க. "கணக்கெல்லாம் கரெக்டாப் போட்டிருக்கா. ஒரு கணக்கு எங்க மிஸ்ஸே எதிர்பார்க்காத வழியில போட்டிருக்கா. இங்கிலீஷ் படிக்கச் சொன்னப்போதான், தலை வலிக்குதுன்னு சொல்லிட்டாளாம். இப்ப வலி எப்படி இருக்கும்மா?"

பாப்பா, "போயிடுச்சு மேடம்"ன்னா.

தலைவலின்னு சொல்லச் சொல்லி நான் சொல்லிக் குடுக்கல. சத்தியமாச் சொல்லிக் குடுக்கல. அவளாக் கண்டுபிடிச்சுக்கினா.

மேடம் எங்க ரெண்டு பேரையும் பார்த்தாங்க. "படிக்கிறதுல இவளுக்கு எதாவது கஷ்டம் இருக்கா? இருந்தா தைரியமாச் சொல்லுங்க, தெரிஞ்சாத்தானே நாங்க எதனா பண்ண முடியும்."

"நோ ப்ராப்ளம் மேடம்"னார் அவர்.

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க சொல்லுங்கம்மா."

"ஒரு பிரச்னையும் இல்ல மேடம்"ன்னேன். சொன்னது என் காதுலயே விழுந்துச்சு.

மேடம் பாப்பாவைப் பார்த்தாங்க. "நீ சொல்லு கண்ணு. எதாவது கஷ்டமா இருக்குதா?"

பாப்பா கையைப் பின்னாடி கட்டிக்கினா. மேடம் மூஞ்சியைப் பார்க்கல, சுவத்தைப் பார்த்தா. "நோ ப்ராப்ளம் மேடம்"ன்னா. சத்தமாச் சொன்னா, அப்பா சொல்லிக் குடுத்த மாதிரியே. பத்து வயசுப் புள்ளை, ஆடிட் ரூம்ல நிக்கிற மாதிரி நிக்கிறா.

அதுக்கு மேல என்னால முடியல.

"இருக்குது மேடம்"ன்னேன்.

என் வீட்டுக்காரர் மேசைக்குக் கீழ என் காலை மிதிச்சார். "மிதிக்காதீங்க"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். "இருக்குது மேடம், பிரச்னை இருக்குது. இவளுக்குத் தலைவலியும் இல்ல ஒண்ணும் இல்ல. எழுத்து திரும்பிக்குது. was-ன்னு இருந்தா saw-ன்னு படிக்கிறா. on-னு இருந்தா no-ன்னு படிக்கிறா. சோம்பேறித்தனம் இல்ல மேடம், யாரும் அப்படிச் சொல்லிடாதீங்க. வேர்த்து ஊத்துற வரைக்கும் படிக்கிறா. சீட்டு குடுக்கலன்னா குடுக்காதீங்க, வேற ஸ்கூல் பார்த்துக்கிறோம். ஆனா இவ மறைக்கக் கூடாது. மறைச்சா இன்னா ஆகும்னு எனக்குத் தெரியும்."

அழுகை வந்து முட்டுச்சு. கோவமும் வந்துச்சு, யார் மேலன்னு தெரியல. நிறுத்தினா இனி என்னிக்குமே சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுது.

"இது என்கிட்டேருந்துதான் வந்திருக்கணும் மேடம். எனக்கும் இப்படித்தான். இவ வயசுலேருந்து. இன்னிய வரைக்கும் யார்கிட்டயும் நான் சொன்னதில்ல."

என் வீட்டுக்காரர் மெதுவாத் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்போ... அந்தக் கண்ணாடி?"ன்னார்.

"பொய்யிங்க."

"சூப்பர்வைசர் வேலை வேணாம்னது?"

அதுவும் இதனாலதான்னு தலையை ஆட்டினேன். அவர் மிதிச்ச காலை எடுத்துட்டு, மேசைக்குக் கீழயே என் கையைத் தேடிப் பிடிச்சுக்கினார்.

மேடம் பேப்பரை மடிச்சு ஓரமா வச்சாங்க. அப்புறம், "சீட்டைப் பத்தி இப்பவே நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற மிஸ் ஒருத்தங்க இங்க இருக்காங்க, அவங்க இவளோட உக்காந்து பார்க்கணும். அதுக்கப்புறம்தான்"னாங்க. நான் சரி சரின்னு தலையாட்டினேன். இன்னா சொன்னாங்கன்னு பாதி காதுல ஏறல.

அப்போ யாரோ என் தோள்ல வந்து இடிச்சாங்க. பாப்பா. என்னைப் பார்த்துக்கினு நிக்கிறா, கண்ணு இவ்ளோ பெருசா.

"உனக்குமாம்மா?"

"ஆமா பாப்பா. எனக்கும்தான்."

என் மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்தா. பின்னாடி கட்டியிருந்த கை ரெண்டும் மெதுவா முன்னாடி வந்துச்சு. மேசை மேல இருந்த இங்கிலீஷ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கினு, மேடத்தைப் பார்த்து, சத்தமா இல்ல, அவளோட சொந்தக் குரல்ல கேட்டா.

"நான் படிக்கிறேன் மேடம். ஆனா எனக்கு மெதுவாத்தான் வரும். பரவால்லியா?"